எம்பார்கோ: தடையா, மறிப்பா?

தூத்துக்குடியில் கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் அத்தான் ‘எம்பார்கோ’ என்றே சொல்வார். ஒரு நாட்டுக்கு ஆயுதம் போகவிடாமல் நிறுத்தும்போது நாளிதழ்களில் அது ‘ஆயுதத் தடை’. அந்தத் தமிழில் எனக்கு ஒரு குறை உண்டு.

சொல் ஸ்பானியத்திலிருந்து வந்தது. குறுக்கே விழுந்து நிறுத்துவது, பிடித்துவைப்பது என்று பொருள். ஆயுதத்துக்கும் அதற்கும் ஆதியில் உறவே இல்லை. துறைமுகத்தில் நிற்கும் கப்பலைக் கிளம்பவிடாமல் அரசு போடும் ஆணைதான் அது. கிட்டங்கியிலிருந்து சரக்கு வந்து ஏறியிருக்கும். கப்பல் மட்டும் நகராது.

கூட்டாளிகளுக்குள் சண்டை வந்தால் ஆயுதம் கொடுக்கிறவர் பாடு திண்டாட்டம். 1974 ஜூலையில் துருக்கி சைப்ரஸில் படை இறக்கியது. எதிர்த்து நின்றது கிரேக்கம். இரண்டும் அமெரிக்கா இருக்கும் நேட்டோ ராணுவக் கூட்டணி நாடுகள். தற்காப்புக்குக் கொடுத்த ஆயுதம் படையெடுப்புக்குப் போயிற்று என்று அமெரிக்க நாடாளுமன்றம் 1975 பிப்ரவரி 5 முதல் துருக்கிக்கு வழங்கலை நிறுத்தியது. அதிபர் ஃபோர்டுக்கே அதில் உடன்பாடில்லை. ஜூலையில் துருக்கி தன் மண்ணிலிருந்த அமெரிக்கத் தளங்களின் வேலையை முடக்கியது. சோவியத்தை ஒட்டுக்கேட்ட காதுகள் அடைபட்டன. 1978இல் அமெரிக்காவே இறங்கிவந்தது.

1965 இந்திய–பாகிஸ்தான் போரிலோ அமெரிக்கா இரு பக்கமும் ஆயுதத்தை நிறுத்தியது. பார்க்க நியாயம்தான். எங்கள் பக்கத்துப் பாசனக் கால்வாயான பாளையங்கால்வாயில் இரண்டு வயல்காரர்களுக்குத் தகராறு என்று இருவர் மடையையும் அடைத்துப் பாருங்கள். கிணறு உள்ளவர் மோட்டாரைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். கால்வாயை மட்டும் நம்பியவரின் பிசான நெல் கருகும். பாட்டன் டாங்கி, சேபர் விமானம் என்று அமெரிக்காவையே நம்பியிருந்த பாகிஸ்தானுக்குத்தான் அடி பலம். அது சீனாவிடம் போனது.

‘தண்ணீரை மறித்துவிட்டான்’ என்பது எங்கள் பக்கத்து வயல்காரர் பேச்சு. மறித்தவன் கையிலேயே திறப்பும் இருக்கிறது, மறிக்கப்பட்டவனின் கோபமும் அந்தச் சொல்லில் இருக்கிறது. மறியல் என்பதும் இதே வேர். அதனால் கூட்டாளி கூட்டாளிக்குச் செய்வதை ‘ஆயுத மறிப்பு’ என்பேன். ஐ.நா. 1977இல் தென்னாப்பிரிக்காவுக்கு விதித்தது போல எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்துவதற்குத் ‘தடை’ இருக்கட்டும். சிலர் ‘முற்றுகை’ என்றும் எழுதுகிறார்கள். அது அடுத்தவன் துறைமுகத்தைப் போர்க்கப்பலால் வளைப்பது, முழுக்க வேறு விவகாரம்.