வெப்பமானி முள் கீழே கிடந்தால் என்ஜின் சூடாகவில்லை என்று பொருளில்லை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டாலும், அங்கிருந்து என் பட்டறைக்கு வரும் கார்கள் அவ்வளவாக மாறவில்லை. 1992-இல் வந்த புரோட்டோன் சாகா இஸ்வாராவும் 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சிலும் இன்னும் வருகின்றன. பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் ஈப்போ மருத்துவமனைக்குப் போய்வரவும் பல குடும்பங்கள் இவற்றையே நம்பியிருக்கின்றன. இந்தக் கார்களில் என்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டரான வெப்பமானி கெட்டுப்போனால், வண்டி ஓடுகிறதே என்று மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். நான் அஞ்சுவது அதைத்தான்.

சில மாதங்களுக்கு முன், தோட்டத்து லாரி ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தம் இஸ்வாராவைக் கொண்டுவந்தார். "தம்பி, முள்ளு பாதிக்கு மேல ஏறுது, அப்புறம் பொசுக்குன்னு கீழ விழுந்துடுது. மீட்டரையே மாத்தணும்னு ஒரு இடத்துல சொல்லிட்டாங்க," என்றார். "மீட்டர் இருக்கட்டும்ங்க ஐயா, மொதல்ல என்ஜின் ஆறட்டும், தண்ணியப் பார்த்துடுவோம்," என்றேன். முக்கால் மணி நேரம் கழித்து, துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தபோது உள்ளே தண்ணீர் கண்ணுக்கே தெரியவில்லை. இரண்டரை லிட்டர் ஊற்றிய பிறகுதான் வாய்வரை நிறைந்தது.

வெப்ப சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் அதன் சூட்டைச் சரியாக உணரும். தண்ணீர் மட்டம் அதற்குக் கீழே இறங்கிவிட்டால், காற்றும் ஆவியும் சூழ்ந்த இடத்தில் நின்றுகொண்டு, உள்ளதைவிடக் குறைந்த சூட்டையே மீட்டருக்குச் சொல்லும். ஆகவே, அந்தப் பெரியவர் முள் விழுந்ததைப் பார்த்து ஆறுதல் அடைந்த நேரத்தில்தான் என்ஜின் மிக மோசமாகக் காய்ந்துகொண்டிருந்தது. துருவைத் தடுக்கும் கூலண்ட் கலக்காமல் பல ஆண்டுகளாகக் குழாய்த் தண்ணீரையே ஊற்றிவந்ததால், என்ஜினின் அடிக்கட்டான பிளாக்கின் பக்கத்திலுள்ள துளையை அடைக்கும் கோர் பிளக் என்ற உலோக மூடி ஒன்று துருப்பிடித்து, ஊசித்துளை வழியாகக் கசிந்திருந்தது. இரும்பு பிளாக்கின் மேல், அதை மூடும் அலுமினிய ஹெட் பொருத்திய என்ஜின் அது. இன்னும் சில நாள் அப்படியே ஓட்டியிருந்தால் ஹெட் வளைந்திருக்கும்.

தண்ணீர் சரியாக இருந்தும் முள் சரியாகக் காட்டவில்லை என்றால்தான் மின்சாரப் பக்கம் போக வேண்டும். இந்தக் கார்களில் சென்சாருக்கு ஒற்றை ஒயர் மட்டுமே வரும். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும், முள் மேலே நகரும். சாவியைத் திருப்பியதுமே, ஆறிய என்ஜினிலும் முள் உச்சிக்குப் போனால் அந்த ஒயரைக் கழற்றிப் பாருங்கள். முள் இறங்கிவிட்டால் கோளாறு சென்சாரில். இறங்காவிட்டால் ஒயர் வழியில் எங்கோ பாடியில் உரசுகிறது. முள் அசையவே இல்லை என்றால், கழற்றிய ஒயரை 12 வோல்ட், 3.4 வாட் சிறு பல்பு வழியாக என்ஜின் இரும்பில் தொடவைக்கலாம். பழைய மீட்டர்களில் கம்பிச் சுருள் சூடாகி ஈருலோகத் தகட்டை வளைத்துத்தான் முள்ளைத் தள்ளும் என்பதால், உடனே எதையும் எதிர்பாராமல் சில விநாடிகள் காத்திருக்க வேண்டும். முள் ஏறினால் மீட்டரும் ஒயரும் நலம், மாற்ற வேண்டியது சென்சார் மட்டுமே. பல்பில்லாமல் ஒயரை நேரடியாக இரும்பில் வைத்துக்கொண்டே இருப்பது நல்ல மீட்டரையும் எரித்துவிடும்.

சென்சார் மாற்றும்போது நான் அடிக்கடி காணும் தவறு, மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டுவது. ஒற்றை ஒயர் சென்சார் அந்த மரை வழியாகத்தான் எர்த், அதாவது மின்சாரம் என்ஜின் இரும்புக்குத் திரும்பும் வழி, பெறுகிறது. டேப் தடித்துவிட்டால் புது சென்சாரும் பொய் சொல்லும். மரை பொருந்துகிறது என்பதற்காக வேறொரு காரின் சென்சாரைப் போடுவதும் அப்படித்தான். மின்தடை வேறாக இருந்தால் முள் ஒருபோதும் உண்மை காட்டாது.

பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் ஒரே நேரத்தில் தடுமாறினால் இரண்டு சென்சாரும் ஒன்றாகக் கெட்டன என்று நினைக்க வேண்டாம். இரண்டுக்கும் பொதுவான ஃபியூஸ், எர்த், மீட்டருக்குப் பின்னாலுள்ள வோல்டேஜ் ரெகுலேட்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். விளக்கைப் போட்டதும் முள் நகர்ந்தால் மீட்டரின் எர்த்தில் துருவோ தளர்வோ இருக்கக்கூடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். வெயில் நாட்டுக்கு அது எதற்கு என்று அதைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. அப்படிப்பட்ட காரில் முள் எப்போதும் கீழேயே கிடப்பது மீட்டரின் குறையன்று. என்ஜின் உண்மையிலேயே உரிய சூட்டை எட்டாமல், பெட்ரோலைக் கூடுதலாகக் குடித்துக்கொண்டு, தேய்ந்துகொண்டிருக்கிறது.

பெரியவரின் காருக்குப் புதுக் கோர் பிளக் போட்டு, கூலண்ட் நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றிவிட்டுக் கோலகங்சார் சாலையில் இருவரும் ஒரு சுற்றுப் போய்வந்தோம். முள் பாதிக்குச் சற்றுக் கீழே நின்று அசையவில்லை. மீட்டர் கண்ணாடியில் அந்த இடத்தில் மெல்லிய சிவப்பு டேப் ஒன்றை ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். அதற்கு மேலே போனாலும் சரி, திடீரென்று கீழே விழுந்தாலும் சரி, ஓரங்கட்டி என்ஜினை அணைத்துவிட்டு எனக்கு அழைக்கும்படி அவரிடம் சொல்லியிருக்கிறேன்.