வைஃபை கார்டு வாங்கும் முன் சிப் எதுவெனப் பாருங்கள்

லினக்ஸ் நிறுவியதும் வைஃபை பட்டியலே வரவில்லை என்றால் கார்டு பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். விண்டோஸுக்கு டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், தருவது சிப் தயாரிப்பாளரின் வேலை. லினக்ஸில் அது கர்னல் என்னும் மையப் பகுதிக்குள்ளேயே இருந்தால்தான் தொல்லையில்லை. இருக்கிறதா என்பதைப் பெட்டியின் மேல் அச்சிட்ட பெயர் சொல்லாது. யூஎஸ்பியில் செருகும் வைஃபை டாங்கிளான டிபி-லிங்கின் டிஎல்-டபிள்யூஎன்722என்னையே பாருங்கள். முதல் பதிப்பில் ஏதராஸ் ஏஆர்9271 சிப், அடுத்த பதிப்பில் ரியல்டெக் ஆர்டிஎல்8188இயூஎஸ். பெயர் ஒன்றுதான். ஆனால் ஏதராஸுக்குக் கர்னலில் நல்ல டிரைவர் இருக்க, அந்த ரியல்டெக் குடும்பத்துக்கான டிரைவர் பல ஆண்டுகள் ஸ்டேஜிங் என்னும், இன்னும் தேறாத டிரைவர்களுக்கான பகுதியிலேயே கிடந்தது.

டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையை -என்என்கே சேர்த்து, எல்லாம் சிறிய எழுத்தில், ஓட்டுங்கள். டாங்கிள் என்றால் எல்எஸ்யூஎஸ்பி. கார்டுக்கு நேரே நான்கு நான்கு இலக்கமாக ஓர் எண் ஜோடி வரும். பிசிஐ கார்டில் முதல் பாதி நிறுவனத்தைக் காட்டும்: 8086 இன்டெல், 10இசி ரியல்டெக், 14இ4 பிராட்காம், 14சி3 மீடியாடெக். இணையத்தில் தேட வேண்டியது முழு ஜோடியை. மாடல் பெயரை அல்ல.

எல்எஸ்பிசிஐ காட்டுவதில் கார்டின் கீழே 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' வரி இல்லையென்றால் கார்டை எந்த டிரைவரும் ஏற்கவில்லை. பெரும்பாலும் கர்னல் பழையதாக இருக்கும். இன்டெல் ஏஎக்ஸ்210க்குக் குறைந்தது 5.10 கர்னல், ரியல்டெக் ஆர்டிஎல்8852பிஇக்கு 6.2 தேவை. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12இன் கர்னல் 6.1. ஆகவே புதிய லேப்டாப்பில் அந்த ரியல்டெக் இருந்தால் பேக்போர்ட்ஸ் கர்னல் (பழைய பதிப்புக்கெனத் தரப்படும் புதிய கர்னல்) போட்டாக வேண்டும்.

அந்த வரி இருந்தும் வைஃபை வரவில்லையா? முதலில் ஆர்எஃப்கில் லிஸ்ட் கொடுத்து, கார்டு அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டிஎம்இஎஸ்ஜி கட்டளை காட்டும் கர்னல் பதிவில் ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஏற்றப்படும் மென்பொருள்) வரியைத் தேடுங்கள். பிழை எண் -2 என்றால் ஃபர்ம்வேர் கோப்பு வட்டில் இல்லை. டெபியன் 12க்கு முந்தைய வழக்கமான நிறுவல் வட்டுகளில் இந்தக் கோப்புகள் இருக்காது. போனை யூஎஸ்பி டெதரிங்கில் இணைத்து, ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை அல்லது ஃபர்ம்வேர்-ரியல்டெக் பொதியை நிறுவினால் போதும்.

பிராட்காம்தான் அதிகம் படுத்தும். 14இ4:4365 போன்றவற்றுக்கு பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ் என்ற டிரைவர் பொதி வேண்டும். அதைக் கம்பைல் செய்யக் கர்னல் ஹெடர் கோப்புகள் வேண்டும். கர்னல் மாறும்போதெல்லாம் அது மறுபடி கம்பைல் ஆக வேண்டும். நம்பகமானதை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட் இயங்கினால், டிஜிட்டல் கையெழுத்திடாத மாட்யூலை (டிரைவரை) கர்னல் ஏற்காது. நிறுவும்போது பாஸ்வேர்டு கேட்டால், ரீஸ்டார்ட்டில் வரும் நீலத் திரையில் 'என்ரோல் எம்ஓகே' (கையெழுத்துச் சாவியைப் பதிவு செய்வது) தேர்ந்து அதே பாஸ்வேர்டைத் தர வேண்டும். அவசரத்தில் 'கன்டின்யூ பூட்' அழுத்திவிட்டு டிரைவரைத் திட்டுபவர்களே அதிகம்.

வயர் கார்டுகளில் இவ்வளவு சிக்கலில்லை. 2.5 ஜிகாபிட் ரியல்டெக் ஆர்டிஎல்8125க்கு 5.4 கர்னல் இருந்தால் சரி.

வைஃபை கார்டோடு இப்படி மல்லுக்கட்டுவதைவிட, கார்டைக் கழற்றி மாட்டும் எம்.2 ஸ்லாட் இருக்கும் லேப்டாப்பில் கார்டையே மாற்றிவிடலாம். ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 சாதாரண பிசிஐஇ கார்டுகள், ஏஎம்டி லேப்டாப்பிலும் ஓடும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 அப்படியல்ல. அவை சிஎன்விஐ வகை. பாதி வேலையை இன்டெல் சிப்செட் செய்ய வேண்டும். ஏஎம்டி போர்டில் செருகினால் எல்எஸ்பிசிஐயில் அவை தென்படவே மாட்டா.