பரணில் பத்து மணி நேரம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கி மான் வேட்டைக்கு ஆண்டுதோறும் 9 நாள். நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும். அன்று விடியுமுன்னே ஆட்கள் காட்டுக்குள் நடந்துபோய், மரத்தில் 15, 20 அடி உயரத்தில் மாட்டிய சின்ன இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். நம் வழக்கில் பரண். ஆனால் தினைப்புனத்துப் பரணில் ஏறுகிறவர் சத்தம் போட்டு விரட்டத்தான் ஏறுவார். இங்கே சட்டை ஜிப்பை இழுக்கக்கூட யோசிக்க வேண்டும். மான் நடமாட்டம் விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் என்றாலும், நவம்பர் இனச்சேர்க்கைக் காலம். பெண்மானைத் தேடி ஆண்மான் நட்டநடுப் பகலிலும் அலையும். அதனால் சிலர் பொழுது சாயும்வரை இறங்குவதே இல்லை.

அவ்வளவு உயரம் எதற்கு? மான் பார்த்துவிடும் என்பதைவிட, மோந்துவிடும் என்ற பயம்தான் பெரிது. மேலே இருந்தால் நம் வாடை அதன் தலைக்கு மேலாகப் போய்விட வாய்ப்புண்டு. வாய்ப்புதான், மிச்சத்தைக் காற்று முடிவு செய்யும். காலையில் வெயில் பட்டு மலைச்சரிவு சூடாகும்போது காற்று மேல்நோக்கி ஏறும். மாலையில் குளிர்ந்து கனத்த காற்று, தண்ணீர் வழிவதுபோலப் பள்ளத்துக்கு இறங்கும். ஆகவே காலையில் மான் தடத்துக்கு மேற்பக்கமும் மாலையில் கீழ்ப்பக்கமும் இருப்பவருக்குத்தான் அதிர்ஷ்டம். ஒரே மரத்தில் நாள் முழுக்க இருப்பவருக்குப் பாதி நாள் காற்று எதிரி.

கண் விஷயம் வேடிக்கையானது. வேட்டைக்காரர் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் உடுத்தியிருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். (2016 முதல் பளிச்சென்ற ரோஸ் நிறத்துக்கும் அனுமதி உண்டு.) இது மற்ற வேட்டைக்காரர்கள் தவறுதலாகச் சுட்டுவிடாமல் இருக்க. மானின் விழித்திரையில் நிறம் காணும் கூம்பணுக்கள் இரண்டே வகை, சிவப்புக்கென்று தனி வகை கிடையாது. நமக்குக் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு அதற்கு ஏதோ மங்கிய நிறம். நீலம் அதற்கு நன்றாகவே தெரியும், அதனால் நீல ஜீன்ஸ்தான் ஆபத்து. ஆனால் எந்த நிறமானாலும் அசைந்தால் போச்சு. பக்கவாட்டில் அமைந்த அதன் கண்கள், முதுகுப்பக்கம் கொஞ்சம் தவிரச் சுற்றிலும் பார்க்கும்.

சரி, அசையாமல் இருந்துவிடலாம். உடம்பு ஒத்துக்கொள்ள வேண்டுமே! சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் வெளிவிடும் வெப்பம் ஏறத்தாழ 100 வாட், ஒரு பழைய குண்டு பல்பு அளவு. மூட்டை முடிச்சோடு விறுவிறுவென நடந்து வரும்போது இது மூன்று நான்கு மடங்கு. கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்தால் உள்சட்டை வியர்வையில் நனையும். தண்ணீர் காற்றைவிட 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஈரச் சட்டையோடு பனியில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் பல் கிட்டும். விவரம் தெரிந்தவர்கள் மெல்லிய சட்டையில் நடந்து வந்து, மேலே போனபிறகே கோட்டை மாட்டுவார்கள்.

அப்புறம் யாரும் பெருமையாகச் சொல்லாத ஒன்று. குளிரில் உடல் கைகால்களின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, ரத்தத்தை நடுவுடம்புக்குத் தள்ளும். நீர் அதிகமாகிவிட்டதாக எண்ணிக்கொண்டு சிறுநீரகம் அதை வெளியேற்றும். விரல் மரத்துப்போகும், சிறுநீர் முட்டும். பையில் வாய் அகலமான பாட்டில் ஒன்று இருப்பது இதற்காகத்தான்.

உடம்புக்கு முன்பே களைத்துப்போவது கவனம். இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரை முன் உட்கார்ந்தவர்கள் எதிரியின் அறிகுறியைத் தவறவிடுவது ஏன் என்று ஆராய்ந்தவர், பிரிட்டனின் நார்மன் மேக்வொர்த். கடிகாரம்போன்ற வட்டில் ஒரு முள் தத்தித் தத்திப் போகும்; எப்போதாவது ஒரே தாவலில் இரட்டைத் தூரம் தாவும். அதைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். சோதனை 2 மணி நேரம். ஆனால் முதல் அரை மணியிலேயே தவறுகள் கூடிவிட்டன. 1948இல் வெளியான முடிவு இது. எப்போதாவது மட்டும் வரும் ஒன்றுக்காக விழித்திருக்க மூளை ஒத்துழைப்பதில்லை. பரணில் மான்தான் அந்த இரட்டைத் தாவல். தொடை மேல் துப்பாக்கியோடு கண் சொருகி, விழித்துப் பார்த்தால் மான் போன குளம்புத்தடம் மட்டும் இருக்கும்.

கண் அசந்தால் விழவும் கூடும். இடுப்பு, தோள், தொடை சேர்த்துக் கட்டும் வாரை மரத்தோடு பிணைத்துக்கொள்வது அதற்காக. விழுந்தவரை அது தாங்கும், ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல். காலில் இறங்கிய ரத்தத்தைக் கெண்டைச்சதை சுருங்கித்தான் மேலேற்றுகிறது. அசைவின்றித் தொங்கினால் ரத்தம் காலிலேயே தேங்கும், இதயத்துக்குத் திரும்புவது குறையும், மயக்கம் வரும். அந்தரத்தில் தலையும் சாயாது, படுக்கவும் முடியாது. மயக்கம் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். நல்ல வாரில் மடித்த நாடா ஒன்று வைத்திருப்பார்கள். அதை உதறி வளையமாக்கி, காலை நுழைத்து மிதித்து மிதித்து நின்றால் கெண்டைச்சதை வேலை செய்யும்.

உட்கார்ந்திருக்கும்போது விழுபவர்களைப்போல, ஏறும்போதும் இறங்கும்போதும் விழுபவர்களும் உண்டு. பொழுது சாய்கிறது, பாதம் மரத்து ஏணிப்படி எங்கிருக்கிறதென்றே தெரியவில்லை. தோட்டாவைக் கழற்றி, துப்பாக்கியைக் கயிற்றில் கட்டி முதலில் கீழே இறக்கிவிடுவார்கள். பிறகு இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்தபடி, கால்விரல்களில் உணர்வு திரும்பும்வரை கொஞ்சம் மடக்கி நீட்டிவிட்டு முதல் படியைத் தேடுவார்கள்.