ரிப்போர்ட்டில் உள்ள எல்டிஎல் எங்கிருந்து வருகிறது?

லிப்பிட் புரொஃபைல் (ரத்தக் கொழுப்புப் பரிசோதனை) ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பலரும் முதலில் தேடுவது எல்டிஎல் என்ற வரியைத்தான். ‘கெட்ட கொழுப்பு’ என்று பெயரெடுத்த எண் அது. பல பரிசோதனை நிலையங்களில் அந்த எண்ணை யாரும் நேரடியாக அளப்பதில்லை. மொத்தக் கொலஸ்ட்ரால், ‘நல்ல கொழுப்பு’ எனப்படும் எச்டிஎல், ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு மூன்றையும் கருவி அளக்கும். எல்டிஎல் அவற்றை வைத்துப் போடும் கணக்கு.

அந்தக் கணக்கு 1972-இல் வந்தது. எல்டிஎல்லைத் துல்லியமாகப் பிரிக்க வேண்டுமானால் ரத்த மாதிரியை அதிவேக மையவிலக்குக் கருவியில் மணிக்கணக்கில் சுழற்ற வேண்டும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஃப்ரீட்வால்ட், லெவி, ஃப்ரெட்ரிக்சன் மூவரும் அதற்கு மாற்று கண்டார்கள். வெறும் வயிற்றில் டிரைகிளிசரைடின் பெரும்பகுதி, கல்லீரல் கொழுப்பை ஏற்றி ரத்தத்தில் அனுப்பும் விஎல்டிஎல் என்ற நுண்துகள்களில்தான் இருக்கும். அத்துகள்களில் ஐந்து பங்கு டிரைகிளிசரைடுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு கொலஸ்ட்ரால். ஆகவே டிரைகிளிசரைடை 5-ஆல் வகுத்தால் விஎல்டிஎல் கொலஸ்ட்ரால். அதையும் எச்டிஎல்லையும் மொத்தத்திலிருந்து கழித்தால் மிஞ்சுவது எல்டிஎல்.

இந்த ‘5’ எல்லோருக்கும் பொருந்தாது. டிரைகிளிசரைடு ஏற ஏற விஎல்டிஎல் துகளில் கொலஸ்ட்ராலின் பங்கு குறைகிறது. அப்போதும் 5-ஆல் வகுத்தால் கழிக்க வேண்டியதைவிட அதிகமாகக் கழித்துவிடுகிறோம். எல்டிஎல் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கையே போடக்கூடாது. அதற்குக் கீழே இருந்தாலும் 200-க்கு மேல் போனால் கவனம் தேவை.

இரண்டு ரிப்போர்ட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் (எல்லாம் மி.கி./டெ.லி.). முதலாமவருக்கு மொத்தம் 200, எச்டிஎல் 38, டிரைகிளிசரைடு 260. கணக்கில் எல்டிஎல் 110. இரண்டாமவருக்கு மொத்தம் 200, எச்டிஎல் 50, டிரைகிளிசரைடு 100. எல்டிஎல் 130. பார்த்தால் முதலாமவர் தேவலை என்று தோன்றும். மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழியுங்கள்: முதலாமவருக்கு 162, இரண்டாமவருக்கு 150. இதுதான் நான்-எச்டிஎல். தமனிச் சுவருக்குள் நுழைந்து தங்கக்கூடிய எல்லாத் துகள்களின் கொலஸ்ட்ராலும் இதில் அடங்கும். இதற்கு ‘5’ தேவையில்லை, வெறும் வயிறும் கட்டாயமில்லை. எல்டிஎல்லுக்கு வைக்கும் இலக்கோடு 30-ஐக் கூட்டினால் நான்-எச்டிஎல்லின் இலக்கு.

நம் ஊருக்கு இது மிகவும் பொருந்தும். தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் நடந்த ஐசிஎம்ஆர்–இன்டியாப் என்ற நீரிழிவு ஆய்வில், 2014-இல் வெளியான முடிவுகளின்படி, பத்தில் ஏழு பேருக்கு எச்டிஎல் குறைவு. பத்தில் மூவருக்கு டிரைகிளிசரைடு அதிகம். தட்டு நிறையச் சோறும் அதன்மேல் இனிப்பும் சேரும்போது, மிஞ்சும் மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக்கி விஎல்டிஎல்லில் ஏற்றி அனுப்புகிறது. எண்ணெயையே தொடாதவருக்கும் டிரைகிளிசரைடு ஏறுவது இதனால்தான்.

முதலாமவர் சோற்றையும் சர்க்கரையையும் குறைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதம் கழித்து மொத்தம் 192, எச்டிஎல் 40, டிரைகிளிசரைடு 150. எல்டிஎல் 110-லிருந்து 122 ஆகிவிட்டது! பயந்துபோய் பழைய சாப்பாட்டுக்கே திரும்பிவிடக் கூடாது. நான்-எச்டிஎல் 162-லிருந்து 152-க்கு இறங்கியிருக்கிறது. அதுதான் நிஜமான மாற்றம்.

எண்ணெய் வேறு வழியில் வேலை செய்கிறது. கல்லீரல் செல்களின் மேல் உள்ள எல்டிஎல் ஏற்பிகள் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கின்றன. இதைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் இந்த ஏற்பிகளின் வேலை மந்தமாகி எல்டிஎல் ரத்தத்திலேயே தேங்குகிறது. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்றது. நெய்யில் 60-க்கு மேல். நல்லெண்ணெயில் 15-ஐ ஒட்டி. தேங்காய் எண்ணெய் எச்டிஎல்லையும் கொஞ்சம் ஏற்றும் என்பது உண்மை. ஆனால் எச்டிஎல்லை மருந்தால் ஏற்றிப் பார்த்த பெரிய சோதனைகள் ஏமாற்றத்திலேயே முடிந்தன. அதைக் காட்டி எல்டிஎல் ஏறுவதைச் சமாதானப்படுத்த முடியாது. நெய்யை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் மைதா பிஸ்கட்டை வைத்தாலும் பலனில்லை: எல்டிஎல் சற்றே இறங்கும், டிரைகிளிசரைடு ஏறிக்கொள்ளும். அந்த இடத்துக்கு வர வேண்டியவை நல்லெண்ணெய், கடலை எண்ணெய், நிலக்கடலை, மீன். அளவோடுதான்.

எண்ணெயை மாற்றியவர்கள் ஆறு வாரமாவது கழித்துப் பரிசோதிக்கலாம். கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, மாரடைப்பு இவற்றை ஒட்டிய நாட்களில் எல்டிஎல் தானாகவே இறங்கிவிடும்; அந்த அளவை நம்பி கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தக் கூடாது. டிரைகிளிசரைடு தொடர்ந்து அதிகமாக இருப்பவர்கள் அப்போ-பி (தமனிச் சுவருக்குள் நுழையக்கூடிய துகள்களில் உள்ள புரதம்) பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு துகளுக்கு ஒரு அப்போ-பி மூலக்கூறுதான் இருக்கும் என்பதால், கொலஸ்ட்ராலின் எடைக்குப் பதில் துகள்களின் எண்ணிக்கையே தெரிந்துவிடும்.