பொருந்துகிறது என்பதற்காக ஃபைபரைச் செருகாதீர்கள்

தண்டையார்பேட்டையில் ஒரு தெரு. சாயங்காலம் ஏழு மணிக்கு அந்தத் தெருவில் ஃபைபர் எடுத்திருந்த அத்தனை வீட்டிலும் ஒரே நேரத்தில் இன்டர்நெட் போய்விட்டது. கேபிளை வெட்டிவிட்டார்கள் என்றுதான் நானும் ஓடினேன். ஆனால் பவர் மீட்டரை வைத்துப் பார்த்தால் எல்லா வீட்டிலும் மைனஸ் 20 டிபிஎம்-ஐ (ஒளியின் வலிமையைச் சொல்லும் அலகு) ஒட்டி ஒளி வருகிறது. ஜிபான் (ஒரே ஃபைபரைப் பல வீடு பகிரும் முறை) பெட்டிக்கு மைனஸ் 27 வரை குறைந்தாலும் போதும். ஒளி வருகிறது, பெட்டியில் இணைப்பைக் காட்டும் பான் விளக்கு மட்டும் நிற்காமல் மினுக்குகிறது.

ஆபரேட்டர் பக்கமிருந்து 1490 நானோமீட்டரில் ஒளி இடைவிடாமல் வந்துகொண்டே இருக்கும். ஸ்ப்ளிட்டர் அதை 32 வீட்டுக்குப் பிரித்துத் தரும். அதில் சிக்கல் இல்லை. திரும்பிப் போவதில்தான் எல்லாம் இருக்கிறது. 32 வீடும் அதே ஒற்றை இழையில், அதே 1310 நானோமீட்டரில் பேசியாக வேண்டும். அதனால் முறை வைத்துத்தான் பேசும். உங்கள் பெட்டிக்குள் இருக்கும் டிரான்ஸீவர் (ஒளியை அனுப்பி வாங்கும் பாகம்) தன் முறை வரும்போது மட்டும் லேசரை எரியவிட்டு, முடிந்ததும் அணைத்துவிடும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் சுமார் 26 நானோ நொடிதான் இடைவெளி. தண்ணீர் லாரி வரிசையில் ஒருவர் குடத்தைக் குழாயடியிலேயே வைத்துவிட்டு நகரவில்லை என்றால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும்.

ஸ்ப்ளிட்டர் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு காலாகக் கழற்றினேன். பதினேழாவதைப் பிடுங்கியதும் தெருவே உயிர் பெற்றது. அந்த வீட்டுக்குப் போனால், கல்லூரி போகிற பையன் ஒருவன். பெட்டியின் அடாப்டர் முந்தின நாள் எரிந்துபோயிருக்கிறது. பரணில் கிடந்த பழைய மீடியா கன்வெர்ட்டரை (பழைய இணைப்பில் ஃபைபர் ஒளியை லேன் கேபிளுக்கு மாற்றித் தந்த பெட்டி) எடுத்து மாட்டியிருக்கிறான். "தலை ஒரே மாதிரி இருந்துச்சுண்ணே, பொருந்துச்சு."

பொருந்தத்தான் செய்யும், இரண்டுமே எஸ்சி கனெக்டர். ஆனால் அந்த வகைக் கன்வெர்ட்டர் 1310-இல் லேசரை அணைக்காமல் எரியவிடும். முறை என்பதே அதற்குத் தெரியாது. ஆபரேட்டர் பக்கத்து இயந்திரம் "அணை" என்று சொன்னாலும் அதன் காதில் ஏறாது. அவன் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழைய இணைப்பை மாற்றிய அன்றே அந்தக் கன்வெர்ட்டரை நாங்கள் எடுத்துப் போயிருக்க வேண்டும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கும் பெட்டியிலும் இதே ஆபத்து உண்டு. லேசரை இயக்கும் சர்க்யூட் பழுதானால் அது அணையாமலே நின்றுவிடும். ஜிபானுக்கு அடுத்த தலைமுறையான எக்ஸ்ஜிஎஸ்-பான் வேறு கதை: அதன் 10 ஜி பெட்டி 1270-இல் அனுப்பும், 1577-இல் வாங்கும். அதே இழையில் ஜிபானும் அதுவும் சேர்ந்தே ஓடும். ஆனாலும் ஜிபான் மட்டும் இருக்கும் லைனில் அந்தப் பெட்டியை மாட்டினால் இணைப்பு கிடைக்காது.

அப்புறம், கழற்றிய ஃபைபர் நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்து "வெளிச்சம் வருதா" என்று பார்க்கவே பார்க்காதீர்கள். இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஃபைபரின் பச்சைத் தலை (கனெக்டர்) நுனியில் விரலும் படக்கூடாது. ஒளி ஓடும் நடுப்பகுதி 9 மைக்ரான்தான், விரல் எண்ணெய் ஒட்டினாலே மறைந்துவிடும்.

பெட்டி பழுதானால் ஃபைபரை அப்படியே விட்டு, கழற்றியிருந்தால் நுனிக்கு மூடியைப் போட்டுவிட்டு, ஆபரேட்டரைக் கூப்பிடுங்கள். பரணில் பழைய கன்வெர்ட்டர் கிடந்தால், அடுத்த முறை லைன்மேன் வரும்போது கையோடு கொடுத்துவிடுங்கள்.