சாம்பல் பாறையான கதை: சுர்ட்சே தீவு

கடலில் முளைக்கும் எரிமலைத் தீவுகளில் பல சில மாதங்களிலேயே கரைந்துபோக, சில மட்டும் எப்படி நிலைக்கின்றன என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஐஸ்லாந்தின் தென்கரைக்கு அப்பால் ஆளில்லாமல் கிடக்கும் சுர்ட்சே தீவில் இதற்கு விடை இருக்கிறது.

சுமார் 130 மீட்டர் ஆழக் கடலடியில் தொடங்கிய வெடிப்பு 1963 நவம்பர் 14 அன்று வெளியே தெரிந்தது. 1967 ஜூன் வரை நீடித்தது. அந்த ஆண்டுகளில் பக்கத்திலேயே எழுந்த சிர்ட்லிங்கூர், யோல்னிர் என்ற இரண்டு சாம்பல் மேடுகளை அலைகள் அரித்துத் தீர்த்துவிட்டன. சுர்ட்சேயில் 1964 ஏப்ரல் வாக்கில் எரிமலை வாய்க்குள் கடல்நீர் புகுவது நின்றது. அதுவரை நீர் பட்டு வெடித்துச் சிதறிய எரிமலைக் குழம்பு (லாவா), பிறகு நிதானமாக வழிந்து உறைந்து தெற்குப் பக்கத்தை மூடியது.

ஆனால் தீவின் உண்மையான பலம் உள்ளே இருக்கிறது. பசால்ட் என்ற கருநிற எரிமலைப் பாறையின் குழம்பு நீரில் பட்டுச் சட்டென்று குளிரும்போது படிகமாக அவகாசம் கிடைப்பதில்லை, கண்ணாடித் துகளாக, அதாவது எரிமலைச் சாம்பலாகிவிடுகிறது. கண்ணாடி வேதியியல்படி நிலையற்றது. 1979இல் 181 மீட்டர் துளையிட்டபோது உள்ளே 140 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் இருந்தது. அந்தச் சூட்டில் நீரும் நீராவியும் ஊடுருவ, துகளின் விளிம்பு பலகோனைட் என்ற பழுப்பு நிறப் பொருளாக மாறுகிறது. கரைந்து வெளியேறும் சிலிக்கா, அலுமினியம், கால்சியம் எல்லாம் இடுக்குகளில் சியோலைட், டோபர்மோரைட் என்ற கனிமப் படிகங்களாக வளர்ந்து துகள்களைப் பிணைக்கின்றன. சுமார் 100 டிகிரியில் இதற்கு ஓரிரு ஆண்டுகளே போதும்; சூடு குறைந்தால் வேகமும் வெகுவாகக் குறையும். 1969இலேயே இந்தப் பாறை மேற்பரப்பில் தென்பட்டது. ரோமானியரின் துறைமுகக் கான்கிரீட் இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கடலைத் தாங்கி நிற்பதிலும் இதே வகைப் படிகங்களுக்குப் பங்குண்டு. என்னைக் கேட்டால், சுர்ட்சேயின் ஆகப் பெரிய அதிசயம் இதுதான்.

உச்சத்தில் 2.7 சதுர கிலோமீட்டராக இருந்த தீவு இன்று ஏறக்குறைய பாதிதான். விரிசல் விழுந்த லாவா விளிம்பைக் குளிர்காலப் புயல் அலைகள் அடியில் குடைய, மேலே உள்ளது இடிந்து விழுகிறது. அந்தக் கற்களும் மணலும் வடக்கே ஒதுங்கி ஒரு திட்டாகியிருக்கின்றன. சாம்பல்நிறக் கடல்நாய்கள் குட்டி போடுவது அங்கேதான். கடைசியில் எஞ்சப்போவது பலகோனைட் மையம் மட்டுமே.

முதல் பூக்கும் தாவரம் 1965இல் வந்தது. ஆனாலும் நைட்ரஜன் இல்லாத மண்ணில் இருபது ஆண்டுகள் பசுமை தவழ்ந்துகொண்டுதான் இருந்தது. 1986 முதல் கடற்காகங்கள் கூட்டமாகக் கூடு கட்டின. மீன் தின்ற பறவைகளின் எச்சம் உரமாகி, புல்வெளியே உருவானது. மூன்றாண்டு நிதியோடு முடியும் ஆய்வு எதுவும் இதைக் கண்டிருக்காது. ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குபவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

விஞ்ஞானிகளைத் தவிர வேறு யாரும் அங்கே இறங்க முடியாது. ஒருமுறை மனிதக் கழிவிலிருந்து தக்காளிச் செடி ஒன்று முளைத்துவிட்டது. அதையும் பிடுங்கி அகற்றினார்கள்.