பத்தாம் தேதிக்கு அப்புறம் போட்டாலும் வட்டி உண்டு

கம்பத்தில் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து பல வருஷம் ஆகிறது. போன வாரம் கேட்டதை இன்னொரு முறை கேட்க எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தினமும் விடியுமுன் ஜீப் ஏறி, குமுளிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற ஓர் அக்கா. சீட்டு எடுத்த 60,000 ரூபாய் 12ஆம் தேதியே கைக்கு வந்திருக்கிறது. கட்ட வந்தது அடுத்த மாதம் 1ஆம் தேதி. அதுவரை பணம் அரிசிப் பானைக்குள். பகலெல்லாம் பூட்டிய வீடு. ஏன்க்கா என்றால், "பத்து தேதி தாண்டிப் போட்டா அந்த மாசம் வட்டி கிடையாதுல்ல சார்?"

அது பழைய கணக்கு. முன்பு வங்கிச் சேமிப்புக் கணக்கில் 10ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. 2010 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கி அதை மாற்றிவிட்டது. இப்போது ஒவ்வொரு நாள் முடிவிலும் கணக்கில் என்ன நிற்கிறதோ, அதற்கு அன்றைய வட்டி. 15ஆம் தேதி போட்டாலும் சரி, 28ஆம் தேதி போட்டாலும் சரி. "கேரளாவுலதான் தினவட்டி" என்று சிலர் சொல்வதும் தப்பு. மலைக்கு மேலே கேரளாவிலும், கீழே நம்ம பக்கமும் விதி ஒன்றுதான்.

இருப்பை வட்டி விகிதத்தால் பெருக்கி 36,500ஆல் வகுங்கள். 2.5 சதவீதம் என்றால் 60,000 ரூபாய்க்கு ஒரு நாளைக்கு 4 ரூபாய் 11 காசு. அக்கா விட்ட 19 நாளுக்கு 78 ரூபாய். அந்த 78 போனால் போகட்டும், பானையில் இருந்த 60,000 போயிருந்தால்?

தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கில் மட்டும் அந்தப் பத்தாம் தேதிக் கணக்கு இன்றும் இருக்கிறது. இரண்டு இடத்திலும் கணக்கு வைத்திருப்பவர்கள்தான் அதிகம் குழம்புகிறார்கள். தயவுசெய்து அதை வங்கிக்குக் கொண்டுவராதீர்கள்.

இன்னொன்று. தினமும் கணக்கிடுவது வேறு, வரவு வைப்பது வேறு. பெரும்பாலான வங்கிகளில் மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் வரவு வைப்பார்கள். மறுநாளே பாஸ்புக்கை நீட்டி, வட்டி எங்கே என்று சண்டை போடாதீர்கள். காலையில் போட்டு மாலையில் எடுத்த பணத்துக்கும் வட்டி வராது. காலாண்டு முடிந்ததும் வந்து பதிவு போட்டுப் பாருங்கள். கணக்கு இடித்தால் கவுண்டரில் கேளுங்கள், உட்கார வைத்துப் போட்டுக் காட்டுகிறோம். தோட்டத்துக்குப் போகிற நாளில் வர முடியாது என்றால், வீட்டில் யாரிடமாவது சலானை நிரப்பிக் கொடுத்தனுப்புங்கள். பணம் கட்ட நீங்களே வர வேண்டும் என்றில்லை.